நவம்பர் பதினேழின் ஒன்பது புள்ளிகள்

பிப்ரவரி 3, திங்கள்

வலது கண்ணில் புரை அகற்றி இன்றோடு பன்னிரண்டு நாள். பதினான்கு நாள் கணினியைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாளை என் பொறுப்பில் கழித்துக்கொண்டேன். சொட்டு மருந்து மூன்று வேளையும் தவறவில்லை.

மதுரையிலிருந்து நூர்ஜகான் வேலையை அனுப்பிவிட்டாள். பழைய அணைகளின் நீர்மட்டப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, எண்களைத் தட்டச்சு செய்து, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றும் குழு அவர்களுடையது. மற்றவர்கள் எழுதும் நிரல்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அவர்கள் பயன்படுத்தும் வரைபட நிரல்தொகுப்பு எண்களைக் கொடுத்தால் கோடு வரையும். அதற்கு மேல் ஊமை. அதோடு பொருந்தும் செருகுநிரல் ஒன்றை நான் எழுத வேண்டும். புள்ளியின் மேல் அம்புக்குறி நின்றால் தேதி, மணி, நீர்மட்டம் தெரிய வேண்டும். புள்ளியை அழுத்தினால் அந்த எண் எழுதப்பட்ட பதிவேட்டுப் பக்கத்தின் படம் வர வேண்டும்.

முதலில் ஏறப்போவது வெள்ளியோடை அணை. என் கணவர் சிவசைலம் பதினொரு வருடம் அங்கே உதவிப் பொறியாளர். முகப்பில் அவர் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அணையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று நூர்ஜகானிடம் நான்தான் கேட்டு வாங்கினேன்.

எழுபத்து நான்கு வயதில் நிரல் எழுதுவதை அதிசயமாகப் பேசுகிறார்கள். மகளிர் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் புள்ளியியல் நடத்தியவள் வேறு என்ன செய்வாள், ஜவ்வரிசி வடாம் பிழிவாளா.

பிப்ரவரி 5, புதன்

அம்புக்குறி நின்றால் எண் வருகிறது. காலையில் மட்டும் நாற்பது முறை ஓட்டிப் பார்த்தேன்.

தட்டச்சு செய்தவர்கள் ஒரு புகார் எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோல் இருக்கிறதாம். இருக்கும். பதிவேட்டை எழுதியது என் கணவர், அவர் கையெழுத்து அப்படி. நான் படித்த கான்வென்டில் ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடாமல் விட்டால் சிஸ்டர் விரல் முட்டியிலேயே அடிப்பார். அவருக்கு எத்தனையோ முறை சொன்னேன். சிரிப்பார். போட மாட்டார்.

ஒரு சுவையான விஷயம். அணையின் அளவுப் பலகையில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிப் பட்டைகள். ஒரு பட்டையின் உயரம் ஓர் அடியில் ஐந்தில் ஒரு பங்கு. மதகையும் அளவையும் பார்க்கும் கடைநிலை ஊழியரான லஸ்கர், தண்ணீர் எந்தப் பட்டையில் நிற்கிறதோ அதைத்தான் சொல்வார். ஆகவே புள்ளிக்குப் பின் வரும் எண் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, அல்லது பூஜ்யம். பதினொரு வருடமும் அப்படித்தான். இதை இத்தனை காலம் நான் கவனித்ததில்லை. நூர்ஜகானுக்கும் எழுதினேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் கூடத்து நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தள்ளிக்கொண்டு போக இருபது நிமிடம்.

பிப்ரவரி 8, சனி

கண் உறுத்துகிறது. ஓய்வு.

பிப்ரவரி 11, செவ்வாய்

நூர்ஜகான் பேசினாள்.

“மேடம், சுத்தமா இருக்கு. என் டீம்ல இருக்கிறவனுங்களுக்கு இதப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கலாம் போல.”

“குடு. வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.”

“ஒண்ணே ஒண்ணு. அளவு எடுக்காத நேரத்துல கோடு விட்டுப்போகணும். இப்ப இந்தப் பக்கத்துப் புள்ளியும் அந்தப் பக்கத்துப் புள்ளியும் சேந்துக்குது. பாக்கிறவங்க நடுவுலயும் அளந்திருக்காங்கன்னு நெனச்சுக்குவாங்க.”

அவள் சொன்னது சரி. தெரியாததைத் தெரியாது என்று காட்ட வேண்டும். என் மாணவிகளுக்கு முதல் வாரத்தில் நான் சொல்வது. மாலைக்குள் சரிசெய்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

புள்ளியை அழுத்தினால் பக்கம் திறக்கிறது. அவர் கையெழுத்து திரை முழுக்க வந்து நின்றபோது சற்று நேரம் எழுந்து போய்விட்டேன்.

நாலாயிரம் பக்கம். ஒரே ஒரு பக்கம் மட்டும் சேதம் என்று குறித்தேன். அந்தத் தேதிக்கு எண்களும் வராது, படமும் வராது.

துணி காயவில்லை. மாசி பிறந்தும் வெயில் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

குழுவின் இணையப் பக்கத்தில், வெள்ளியோடை அணை பற்றிய பழைய காகிதங்கள் யாரிடமாவது இருந்தால் தரும்படி அறிவிப்பு போட்டிருக்கிறார்கள். என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை.

ஒரு பெண் பேசினாள். பெயர் முத்துப்பேச்சி. அம்பாசமுத்திரத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் அப்பா பலவேசம் அணையில் லஸ்கராக இருந்தவராம். அவருடைய சிட்டைகள், அதாவது மணிக்கொரு தரம் அளவு பார்த்துக் குறித்த பாக்கெட் நோட்டுகள், பெட்டியில் இருக்கின்றனவாம். சனிக்கிழமை வருகிறாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

பதினோரு மணிக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். காப்பி வேண்டாம் என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தாள்.

“எங்கப்பாவ ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா.”

“பார்த்திருக்கிறேன்.”

“அவுகளப் பதினோரு பேரக் கொன்னவன்னு சொல்லித்தான் எங்க ஊர்ல தெரியும்.”

1984 நவம்பர் பதினேழு, சனிக்கிழமை. அன்று காலையிலிருந்து மலையில் மழை. பகல் மூன்று மணிக்குப் பலவேசம் உத்தரவில்லாமல் மதகுகளை முழுதாகத் திறந்தார். கீழவெள்ளியோடைத் தரைப்பாலத்தில் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் பதினோரு பேர் வெள்ளத்தில் போனார்கள். விசாரணையில் பதிவேட்டைப் பார்த்தார்கள். அணையின் முழு நீர்மட்டம் எண்பத்து நான்கு அடி. மூன்று மணிக்கு எழுபத்தொன்பது சொச்சம்தான் என்று பதிவேட்டில் இருந்தது. தேவையே இல்லாமல் திறந்தார் என்று தீர்ப்பானது. வேலை போயிற்று.

“எம்பத்து மூணு புள்ளி எட்டு. பாருங்க.” சிட்டையை என் மேஜையில் விரித்தாள். பென்சில் எழுத்து. காலை ஏழிலிருந்து மூன்று வரை ஒன்பது அளவு. எழுபத்தெட்டில் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. “எட்டு மணியில இருந்து எஞ்சினியர் குவார்ட்டர்ஸுக்கு மூணு தடவ ஆள் விட்டிருக்காக. பூட்டிக் கெடந்திருக்கு. தொறக்காம விட்டா அணையே போயிருக்கும்னு சொல்லிச் சொல்லியே செத்தாக.”

அன்று என் கணவர் என்னோடு எங்கள் கான்வென்டின் ஆண்டு விழாவில் இருந்தார். விழாவுக்கு வருவது குற்றமல்ல.

“எங்கம்மாவுக்கு எம்பத்தொண்ணு. மாசி கடைசிச் செவ்வாய் எங்க ஊரு அம்மன் கோயில் கொடை. நாப்பது வருசமா எங்க வீட்டுப் பொங்கப்பானைக்கு வரிசையில எடம் கெடயாது. சாவுறதுக்குள்ள ஒரு தடவ வைக்கணும்ங்கா. இதையும் ஒங்க படத்துல ஏத்துனியன்னா ஊர்ல காட்டலாம்.”

முத்திரை இல்லாத தனி ஆளின் குறிப்பை ஆவணமாக எடுத்துக்கொள்ள விதியில்லை என்றேன். அவள் வாதாடவில்லை. தகவல் அறியும் உரிமையில் வாங்கிய ஒரு ஜெராக்ஸை எடுத்தாள். பதிவேட்டின் நவம்பர் பதினேழாம் பக்கம்.

“இந்த ஒரு பக்கத்துல மட்டும் ஏழு வேற மாதிரி இருக்கு. நடுவுல ஒரு கோடு. மத்த பக்கத்துல இல்ல.”

“பல கிளார்க்குகள் எழுதுவார்கள்.”

தகவல் இருந்தால் சொல்கிறேன் என்று சொல்லி, அவள் எண்ணைக் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். 97877 என்று தொடங்கும் எண். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். மூட்டுவலியாக இருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மோட்டார் பழுது. இரண்டு வாளி தண்ணீரில் நாளை ஓட்டினேன்.

பிப்ரவரி 26, புதன்

“மேடம், முன்னூத்திப் பன்னெண்டாவது வரியில ஒரே ஒரு தேதிக்கு மட்டும் தனியா ஒரு நிபந்தனை போட்டிருக்கீங்க. 84 நவம்பர் 17. பக்கம் சேதம்னு வருது.”

“சேதம்தான்.”

“நான் ஸ்கேன்ல பார்த்தேன். மொத்தப் பதிவேட்டுலயே சுத்தமான பக்கம் அதுதான்.”

சொட்டு மருந்துப் புட்டியை மூடி வைத்தேன். நூர்ஜகான் தொடர்ந்தாள்.

“எண்ணையும் பார்த்தேன். ஒன்பதுல ஆறு ஒற்றைப்படை. 78.3, 78.7, 79.1... பலகையில அப்படிப் படிக்கவே முடியாதுன்னு நீங்கதான எனக்கு எழுதுனீங்க. யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க மேடம். நல்லாத் தெரிஞ்ச ஆளு. ஏறி ஏறி எறங்குது, இயற்கையா இருக்கு. பலகைய மட்டும் நேர்ல பார்த்ததில்ல.”

“உனக்கு என்ன வேண்டும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த வரியோட நான் ஒப்புதல் குடுக்க முடியாது. எடுத்துட்டு அனுப்புங்க. இல்லன்னா ஏன்னு ஒரு குறிப்பு எழுதுங்க. சார் பேரு முகப்புல இருக்கு, எனக்குப் புரியுது. அவசரமில்ல.”

என்னிடம் படித்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பாள். அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 27, வியாழன்

ஓசூரிலிருந்து மகன் பேசினான். பொதுவாகச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை.

“அம்மா, அப்பா போய் ஆறு வருசம் ஆச்சு. அவரால எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“அப்ப யாருக்காக இது? உங்களுக்கு எல்லாம் நேரா இருக்கணும். சின்ன வயசுல என் நோட்டுல மார்ஜின் கோணலா இருந்தா பக்கத்தையே கிழிப்பீங்க. இப்ப அப்பாவக் கிழிக்கப் போறீங்க.”

பேசி முடித்துவிட்டுப் புளி கரைத்தேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் இன்னொரு தடவை போட்டேன். கொட்ட மனமில்லை. அதையே சாப்பிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும்.

1984 நவம்பர் பத்தொன்பது, திங்கட்கிழமை காலை. அவர் இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. பதிவேட்டுத் தாள்கள் மாதக் கடைசியில்தான் தைக்கப்படும், அதுவரை உதிரி. பதினேழாம் தேதித் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒரு புதுத் தாளை என் முன் வைத்தார். ‘என்னால முடியல, நீ எழுது’ என்றார்.

நகல் எடுக்கச் சொன்னார் என்று நாற்பது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகல் அல்ல. காலை ஏழுக்கு ஒரு எண் சொன்னார், மூன்றுக்கு ஒரு எண் சொன்னார். நடுவில் ஏழு கட்டங்கள். சீராக ஏறுகிற மாதிரி போட்டுவிடு என்றார். சீராக ஏறினால் பொய் என்று எந்த முட்டாளுக்கும் தெரியும் என்று நான் சொன்னேன். அலமாரியிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்துச் சமவாய்ப்பு எண் அட்டவணையைப் புரட்டினேன். கடைசி இலக்கங்களை அங்கிருந்து எடுத்தேன். இடையில் இரண்டு இடத்தில் சற்று இறக்கினேன். தண்ணீர் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று தோன்றியது. அளவுப் பலகை எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

எழுதி முடித்தபோது, அந்தத் தாள் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் உண்மை.

மூன்று வாரம் கழித்துப் பலவேசம் எங்கள் வாசலில் வந்து நின்றார். என் கணவர் உள்ளறையில் இருந்தார். இல்லை என்று நான் சொன்னேன்.

மார்ச் 4, செவ்வாய்

முன்னூற்றுப் பன்னிரண்டாம் வரியை நீக்கினேன். சிட்டையின் படங்களை முத்துப்பேச்சியிடம் கேட்டு வாங்கி ஏற்றினேன். நவம்பர் பதினேழில் இப்போது இரண்டு கோடுகள். ஒன்று ஏறுகிறது. மற்றொன்று தள்ளாடிக்கொண்டு கீழேயே கிடக்கிறது. செருகுநிரலில் ‘எழுதியவர்’ என்று இன்னொரு வரி சேர்த்தேன். மற்ற புள்ளிகளில் சிவசைலம் என்று வரும். அந்த ஒன்பதில் என் பெயர்: பர்வதவர்த்தினி சிவசைலம், இரண்டு நாள் கழித்து எழுதியது என்று வரும்.

நூர்ஜகான் ஒப்புதல் கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. முகப்பிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லி நானே எழுதினேன்.

முத்துப்பேச்சிக்கு இணைப்பை அனுப்பினேன். என் பங்கு முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

முடியவில்லை. அவள் வந்தாள்.

“பாத்தேன். எம்மவ காட்டுனா.” உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “போன் நம்பர் எழுதுனியல்லா, ஏழுல கோடு போட்டு, அப்பமே தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லுதியளா இல்லியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“சொல்லிவிட்டேன்.”

“கம்ப்யூட்டர்ட்ட சொன்னிய. எங்கூர்ல எவன் அதுல போய் அமுக்கிப் பாப்பான்? கோயில் தர்மகர்த்தா பூலுடையார் தாத்தாட்ட மவ போன்ல காட்டுனா. அவுக பொண்டாட்டியும் ரெண்டு பொம்பளப்புள்ளையளும் பாலத்துல போனவுக. ‘என்னமோ புள்ளி புள்ளியாத் தெரியுது, எழுதுனவ வந்து சொல்லட்டும்’னுட்டாக.”

கையெழுத்திட்டுக் கடிதம் தருகிறேன் என்றேன்.

“குடுங்க. நீங்களும் வாங்க. செவ்வாக்கெழம காலையில.”

“எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. புகையில் நிற்கக் கூடாது.”

“இப்பம் கண்ணு தெரியுதுல்லா?” என்றாள். கடிதத்தை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

வாடகைக் கார் ஆறரைக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போனேன். திறக்கவே இல்லை.

கோயில் முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே மும்மூன்று செங்கல் வைத்து ஐம்பது அறுபது பானைகள். கோட்டுக்கு வெளியே முத்துப்பேச்சியின் அம்மா புதுப் பானையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். முத்துப்பேச்சி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

பூலுடையாருக்கு எண்பதுக்கு மேல். நெடிய மனிதர். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். நின்றுகொண்டே கடிதத்தை வாசித்தேன். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்தது. தாள் மாற்றியதை, எண்களை நான் இட்டதை, பலவேசம் பார்த்த அளவுதான் சரி என்பதை, எல்லாம் வாசித்தேன்.  ஒரு பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“பலவேசம் சொன்னது நெசம்னு ஆயிட்டு” என்றார் பூலுடையார். வரிசையின் நடுவில் இருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் தங்கள் செங்கல்லை நகர்த்தினார்கள். முத்துப்பேச்சியின் அம்மா பானையோடு கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். வேலை முடிந்தது என்று கடிதத்தை மடித்தேன்.

“ஒண்ணு கேக்கேன்” என்றார் அவர். “ஒங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு ஒரு சேதியும் போவலியா? போவலன்னா சொல்லிருங்க. விதின்னு நெனச்சு மனசு ஆறிரும். அதுக்குத்தான் கேக்கேன்.”

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிவேடு இல்லை, சிட்டை இல்லை. பூட்டிய குவார்ட்டர்ஸைப் பார்த்து, அணை வேகமாக ஏறுகிறது என்று தானாகவே கான்வென்டுக்குத் தொலைபேசியில் சொன்ன போஸ்ட் மாஸ்டர் இறந்துவிட்டார். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டுவந்த சிஸ்டர் இறந்துவிட்டார். என் கணவர் கேட்டபோதுகூட, சீட்டு இப்போதுதான் வந்தது என்றுதான் சொன்னேன். கடைசி வரை அதை நம்பினார். தாமதத்துக்கெல்லாம் தானே பொறுப்பு என்று நினைத்துத்தான் அந்தத் தாளை என் முன் வைத்தார்.

“வந்தது” என்றேன். “பதினொன்றே காலுக்கு. அவருக்கு இல்லை, எனக்கு. நான் மேடையில் இருந்தேன். பழைய மாணவிகள் சார்பில் நான் உரை வாசிக்க வேண்டும். அவர் முதல் வரிசையில் இருந்தார். கொடுத்தால் எழுந்து போய்விடுவார். கைப்பையில் வைத்துக்கொண்டேன்.”

“எப்பம் குடுத்திய?”

“வாசித்து முடித்து, சாப்பாடும் முடிந்த பிறகு. ஒன்றே முக்காலுக்கு. அவர் அணைக்கருகில் இருந்த போஸ்ட் ஆபீசுக்குப் போன் செய்தார். சனிக்கிழமை, மூடிவிட்டார்கள். காரை எடுத்துக்கொண்டு போனார். போய்ச் சேர நான்காகிவிட்டது. உடனே கொடுத்திருந்தால் ஒன்றரைக்குள் போயிருப்பார்.”

பூலுடையார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புள்ளைய பாலத்துல ஏறுனது மூணேகாலுக்கு” என்றார்.

அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். முத்துப்பேச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் தெரியாது. அப்போது யாருடைய பானையோ பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். புகை கண்ணாடிக்குள் புகுந்து கண் எரிந்தது. பூலுடையார் அம்மன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல், காருக்குப் போகும் வழியை விட்டு விலகி நின்றார்.